பஞ்சுக்காலன் சொன்னது

படக்கதைப் பத்திரிகை அலுவலகத்தில் அவரை எல்லோரும் எழுத்து என்றே கூப்பிட்டார்கள். எழுத்து வந்தாச்சா, எழுத்துகிட்ட குடு, எழுத்துக்கு இன்னிக்குச் சளி. கதை எழுதுவது அவர் வேலை இல்லை. அதற்கு ஒரு கதைக்காரர் இருந்தார். படம் போட ஒரு படக்காரர் இருந்தார். ஒருவர் எழுதிய பேச்சை மற்றவர் வரைந்த ஆட்களின் வாயில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எழுத்தின் வேலை.

பெயர்ப்பலகை எழுதும் கடையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்த காலத்தில், அடுத்தவர் கையைப் பார்த்தே கற்றுக்கொண்ட எழுத்து அவருடையது. ஒரு தாளில் பேச்சை எழுதி, அதைச் சுற்றிப் பலூன் மாதிரி கோடு இழுத்து, பேசுகிற வாயைப் பார்த்து நீளும் வாலோடு சேர்த்து பிளேடால் வெட்டி, படத்தின்மேல் ரப்பர் பசையால் ஒட்டுவார். ஒட்டிய இடத்தை நகத்தால் தேய்ப்பார். ஓரம் ஒரு நூல் தூக்கி நின்றாலும் பிய்த்துவிட்டு மறுபடி எழுதுவார். பலூன் எங்கே வரும், வால் எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டும் படத்தின் பின்பக்கம்தான் பென்சிலால் குறிப்பார். முன்பக்கம் குறித்தால் படக்காரர் அடிக்க வருவார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் படத்தைக் கவிழ்த்துப் போட்டால் உருவங்கள் இடம் வலம் மாறித் தெரியும். குறித்துவிட்டு, வெட்டும்போது மனசுக்குள் திருப்பிக்கொள்ள வேண்டும். அது அவருக்கு மூச்சுவிடுகிற மாதிரி.

ஒரே ஒரு தடவை திருப்ப மறந்தார்.

அப்போது பத்திரிகையில் ஒரு துப்பறிவாளர் தொடர் வந்துகொண்டிருந்தது. அதில் வரும் திருடன் பஞ்சுக்காலன். பாதத்தில் பஞ்சுப் பொதி கட்டிக்கொண்டு வீடு வீடாக நுழைகிறவன். பத்தாவது வாரம் பிடிபட்டு ஜெயிலுக்குப் போவதாக ஏற்பாடு. ஏழாவது வாரத்தில் ஒரு கட்டம்: இடப்பக்கம் ஜன்னலில் ஒரு கால் உள்ளே வைத்தபடி பஞ்சுக்காலன். வலப்பக்கம் கட்டிலில் குழந்தையை அணைத்துப் படுத்திருக்கும் தாய். நடுவில் குரைக்கும் நாய். அரைத்தூக்கத்தில் தாய் நாயைப் பார்த்துச் சொல்கிறாள்: 'சத்தம் போடாதே. பிள்ளை இப்பதான் தூங்கியிருக்கு.'

எழுத்தின் வீட்டிலும் அப்போது பிள்ளை பிறந்து நாற்பது நாள். அவர் சரியாகத் தூங்கியும் நாற்பது நாள். வால் இடப்பக்கம் போய்விட்டது. பத்திரிகை அச்சாகி வந்து பார்த்தால், நாயிடம் அந்த வார்த்தையைச் சொல்வது பஞ்சுக்காலன்.

கதைக்காரர் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"யோவ், அம்மா பேசற பேச்சைத் திருடன் வாயில ஒட்டி வச்சிருக்கியே, உனக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?"

எழுத்து பிளேடைத் துடைத்து மேசையில் வைத்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தார். ஆனால் அடுத்த வாரம் தபால்காரர் ஒரு சாக்கு நிறையக் கடிதம் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் இரண்டு சாக்கு. ஆசிரியர் கதைக்காரரைக் கூப்பிட்டு, "எப்படிய்யா இந்த யோசனை வந்துச்சு?" என்று கேட்டார். கதைக்காரர் தலையைச் சொறிந்து, "ரொம்ப நாளா மனசுல இருந்துச்சுங்க" என்றார். வெளியே வந்து எழுத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்றோடு அந்த விஷயம் இரண்டு பேருக்குள் புதைந்தது. சில வருஷத்தில் கதைக்காரர் செத்துப்போனார். பிறகு அது ஒருவருக்குள் மட்டும் இருந்தது.

பஞ்சுக்காலன் பிடிபடவில்லை. அவனுக்கென்றே தனித்தொடர் வந்து, இருபத்தாறு வருஷம் ஓடியது. அவன் யார் என்ற சண்டையும் கூடவே ஓடியது. வயிற்றுப்பாட்டுக்குத் திருடுகிற தங்கமான மனுஷன் என்று ஒரு பள்ளி ஆசிரியர் எட்டுப் பக்கம் எழுதினார். நாய் குரைத்தால் மாட்டிக்கொள்வான், பிள்ளை தூங்குது என்பதெல்லாம் சாக்கு, படு தந்திரக்காரன் என்று ஒரு வக்கீல் பதில் எழுதினார். 'என் பிள்ளைகளின் அப்பா ஒருநாளாவது நாயை அப்படி அதட்டியிருந்தால் நான் தாய்வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். எழுத்து முடிவெட்டப் போகும் கடையில், பஞ்சுக்காலன் கட்சியும் எதிர்க்கட்சியும் கத்திரியை நிறுத்திவிட்டுக் கத்தும். பாதித் தலையோடு அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவதாக வந்த கதைக்காரர் வக்கீல் பக்கம். அவர் காலத்தில் பஞ்சுக்காலன் சிரித்தபடி பொய் சொன்னான். மூன்றாவதாக வந்தவள் இளம்பெண், கெட்டிக்காரி. ஒருநாள் அவள் எழுத்தின் மேசையருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, இத்தனை வருஷமா அவன் பேசற ஒவ்வொரு வார்த்தையும் உங்க கை வழியாத்தானே போகுது. நீங்க சொல்லுங்க, அவன் நல்லவனா கெட்டவனா?"

"குடுக்கறதை ஒட்டறேன்மா. எனக்கென்ன தெரியும்?"

"பாரு, இவரே பாதத்துல பஞ்சு கட்டினவருதான்" என்றார் படக்காரர்.

எழுத்தின் மகனுக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் கிடையாது. அந்த நாய்க் கட்டத்தை வெட்டித் தன் படுக்கைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தான். பஞ்சுக்காலனைத் திருட்டுப்பயல் என்று சொன்ன வகுப்புத்தோழனின் உதட்டைக் கிழித்துவிட்டு வந்தான். "அவன் நல்லவன்தானேப்பா?" என்று கேட்டபோது எழுத்து, "ஆமாடா" என்றார். ஒன்பது வயசுப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது?

அந்த மகனைத்தான் இருபத்தாறாவது வயசில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

மருந்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி கட்டும் வேலை பார்த்தான். கூட வேலை பார்த்தவன் சுருட்டைமுடிக்காரன். எல்லோருக்கும் அவன் சுருட்டை. விடுமுறை நாள் ஒன்றின் மதியம் இரண்டு பேரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கிடங்குக்குள் போனார்கள். வயசான காவலாளியைக் கண்ணைக் கட்டி நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். யாரோ இரும்புக் கம்பியால் அவர் தலையில் அடித்தார்கள். உயிர் தப்பியது. ஒரு கண் போனது, இடது காலும் இழுத்துக்கொண்டது. காவலாளி கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டு வாக்கியம் இருந்தது. ஒரு குரல், 'இன்னொண்ணு போட்டாத்தான் அடங்குவான்' என்றது. கொஞ்சம் பொறுத்து ஒரு குரல், 'போதும், பெரியவர் செத்துடுவார், விட்டுடு' என்றது. யார் குரல் எது என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவதைச் சொன்னது நான்தான் என்று சுருட்டை சொன்னான். நான்தான் என்று மகனும் சொன்னான்.

"முதல் வார்த்தையைச் சொன்னவனுக்குப் பத்து வருஷம் குறையாது. ரெண்டாவதைச் சொன்னவனுக்கு ரெண்டு, மூணுல முடியும்" என்றார் மகனுக்காக வைத்த வக்கீல். "நம்ம கேஸ் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துலதான் நிக்குது."

எழுத்தின் மனைவி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். செய்தி வந்ததிலிருந்து தையல் மிஷினைத் தொடவில்லை. இப்போது மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். "திருடினது திருடினதுதான். அதுக்கு உள்ள இருக்கட்டும். ஆனா அந்த நேரத்துல அந்த வார்த்தை வாயில வந்துச்சு பாருங்க, அது நம்ம பிள்ளைங்க" என்றாள். அலுவலகத்தில் பஞ்சுக்காலனுக்காகச் சண்டை போட்ட அதே மேசையில் இப்போது மகனுக்காகக் கட்சி பிரிந்தது. எழுத்து உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். அதுவே எந்தக் கட்சி பெரிசு என்று அவருக்குச் சொல்லிவிடும்.

அவருக்கு நம்ப ஆசை. ஆனால் எந்தப் பேச்சு எந்த வாயிலிருந்து வந்தது என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிப்போனவர். தெரியாமல் விட்டுவிட்டுத் தூங்க அவரால் முடியாது. சனிக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொள்ளாமல் தனியாக ஜெயிலுக்குப் போனார்.

நடுவில் இரண்டு வரிசைக் கம்பிவலை. அந்தப் பக்கம் மகன் இளைத்திருந்தான்.

"சாப்பிடறியாடா?"

"ம்."

"அந்த வார்த்தையை நீதான் சொன்னியா?"

"அதான் வக்கீல்கிட்ட சொல்லிட்டேனே."

"எங்கிட்ட சொல்லு."

மகன் கொஞ்சம் சிரித்தான். "என் சுவத்துல இருந்துச்சே, அந்த நாய்ப் படம். அதுதாம்பா ஞாபகம் வந்துச்சு. அவனா இருந்தா என்ன சொல்லியிருப்பான்னு நெனச்சேன். வாயில வந்துடுச்சு."

அந்த இடத்தில் எழுத்து தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மகன் சொன்னது வெட்டி ஒட்டின மாதிரி இருந்தது. ஓரம் கூடத் தெரியாமல் அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் அவரை உறுத்தியது. தன்னிடம் இருந்த ஒரே ஒரு நிஜத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"அது பஞ்சுக்காலன் சொன்னது இல்லடா. அந்த அம்மா சொன்னது. நான்தான் தூக்கக் கலக்கத்துல வாலை மாத்தி வெட்டிட்டேன். யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்கம்மாகிட்ட கூட."

மகன் கம்பிவலையில் விரலை மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தான். பக்கத்தில் யாரோ ஒரு பெண் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவன் அந்தக் கட்டத்துல ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல. ஜன்னல்ல நின்னான், அவ்வளவுதான்."

மகன் வலையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டையும் சுருட்டைதாம்பா சொன்னான். இன்னொண்ணு போட்டாத்தான் அடங்குவான்னான். போட்டான். ரத்தத்தைப் பாத்ததும் அவனுக்கே நடுக்கம் எடுத்து, குரல் மாறிப்போய், போதும், விட்டுடுன்னு அவனுக்கு அவனே சொல்லிக்கிட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லல."

"நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

"முதுகைத் திருப்பிக்கிட்டுப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு இருந்தேன்."

"திரும்பிப் பாக்கலையா?"

"டேப் நேரா ஒட்டலேன்னா பெட்டி பிரிஞ்சுடும்பா."

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். எழுத்து எழுந்து வெளியே வந்தார்.

வக்கீலிடம் சொன்னார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு குரல்னு அடிபட்டவரே சொல்லியிருக்கார். ரெண்டும் ஒருத்தன் குரல்னு உங்க பையன் சொன்னா, ஜட்ஜ் சிரிப்பார். இதை நான் கேக்கல, நீங்க சொல்லல. போயிட்டு வாங்க."

மகன் கூண்டில் ஏறி, இரண்டாவது வார்த்தையைத் தானே சொன்னதாகச் சொன்னான். சுருட்டையும் ஏறி அதையே சொன்னான். சொல்லும்போது சுருட்டை அழுதான். நிஜத்தைச் சொல்கிறவன் நம்பப்படாதபோது அழுகிற அழுகை அது என்பது அந்தக் கூடத்தில் அவனைத் தவிர மூன்று பேருக்குத்தான் தெரியும். எந்த வார்த்தையை யார் சொன்னார் என்று தீர்மானிக்க வழியில்லை என்று நீதிபதி எழுதினார். இருவருக்கும் ஏழு ஏழு வருஷம்.

மனைவி வீட்டுக்கு வந்ததும், "விட்டுடுன்னு சொன்னவனுக்கும் ஏழு வருஷமாங்க?" என்றாள்.

அவர் ஆமாம் என்றார். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. இருப்பதும் போய்விட்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு அந்த மிஷினை மிதிப்பாள்?

அந்தப் பிடி அவளை அவர் நினைக்காத இடத்துக்குக் கொண்டுபோயிற்று. காவலாளியின் வீட்டைத் தேடிப்போய்விட்டாள். முதல் நாள் காவலாளியின் மருமகள் கதவைச் சாத்தினாள். மூன்றாவது வாரம் உள்ளே விட்டாள். பிறகு வாராவாரம் கேரியரில் சாப்பாடு போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அவர் உங்களைப் பாக்கணுங்கறார், ஒருதடவை வாங்களேன்" என்றாள். எழுத்து தட்டிக்கழித்தார். அவள் விடவில்லை.

ஒற்றை அறை. சுவரோரம் கட்டில். தலைமாட்டில் மாத்திரை அட்டைகள். காவலாளி நல்ல கண் இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பினார்.

"இவர்தானா?"

"இவர்தாங்க அவன் அப்பா" என்றாள் மனைவி.

"வாங்க, உக்காருங்க. என்ன சாப்பிடறீங்க, டீ போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. இப்பதான் குடிச்சோம்" என்றார் எழுத்து.

காவலாளி சட்டென்று கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "இதேதான்! இதே குரல்! அன்னிக்கு விட்டுடுன்னு சொன்ன குரல் இப்படியேதான் இருந்துச்சு. கோர்ட்டுல அவன் பேசினப்பவே சந்தேகம். இப்ப நிச்சயம்." மருமகளைக் கூப்பிட்டார். "இங்க வாம்மா, இந்தக் குரலைக் கேளு. உங்க பிள்ளை இல்லேன்னா நான் இன்னிக்கு இல்லைங்க. நானே ஒரு மனு எழுதிப் போடறேன்."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

"இன்னொருதடவை பேசுங்க" என்றார் காவலாளி. "ஏதாவது சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

எழுத்து வாயைத் திறந்தார். மூடினார். மணிக்கட்டை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். கிழவரின் பிடி இரும்பாக இருந்தது.

"அவர் அப்படித்தாங்க" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதிகம் பேச மாட்டார்."