நேரம் பின்னர் அறிவிக்கப்படும்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் டைமம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே போகும் வாசலை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, கழுத்தில் ஒரு விசில். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. அவள் ஊதாமல் ஒரு சக்கரமும் உருளாது.

ஓட்டுநர்கள் கெஞ்சிப் பார்ப்பார்கள். "டைமம்மா, வண்டி ரொம்பி வழியுது. விட்டுடுங்களேன், புண்ணியமாப் போகும்."

"ரொம்பினா என்ன? ஓடி வர்றவன் பலகையில இருக்கிற நேரத்தை நம்பி வர்றான். உன் மூஞ்சியைப் பாத்து இல்ல."

கூண்டுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. அதில் நேரம் எழுதாமல் ஒரு வண்டியும் வெளியே போனதில்லை. ஏதாவது பழுதாகி நேரம் தெரியாமல் போனால், "நேரம் பின்னர் அறிவிக்கப்படும்" என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவிட்டு வண்டியை நிறுத்தி வைப்பாள். கிளம்பிய வண்டியின் பெயர்மேல் பலகையில் ஒரு கோடு இழுப்பாள். கோடு விழுந்துவிட்டால் அந்த வண்டியைப் பற்றி அப்புறம் அவள் நினைப்பதே இல்லை.

மகளுக்குக் கல்யாணம் முடிவானதும் பத்திரிகை வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். மண்டபம், சாப்பாடு, துணிமணி எல்லாம் கணவர் பார்த்துக்கொண்டார். "பத்திரிகையை மட்டும் யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவளுடைய அண்ணன் வெகுதூரத்தில், ஒரு சுரங்க முகாமில் சமையல்காரர். அவளுடைய கல்யாணத்தின்போது அப்பா உள்ளூர்ப் பத்திரிகைகளோடு சேர்த்து அண்ணனுடையதையும் கடைசி வாரத்தில்தான் அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தபோது கல்யாணம் முடிந்து, பாத்திரங்களைக் கூடக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். கல்யாணப் போட்டோவில் எல்லோரும் நெருக்கியடித்து நிற்க, அவளுக்கு இடது பக்கம் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம். போட்டோக்காரர் எவ்வளவு சொல்லியும் அவள் நகர்ந்து நிற்கவில்லை. அண்ணன் அதை இன்றுவரை வேடிக்கையாகத்தான் பேசுவார். "உன் பத்திரிகை வந்துச்சு பாப்பா. பரிசு வாங்கலாம்னு கிளம்பினேன். தொட்டிலா வாங்கணும்னு சந்தேகம் வந்துச்சு, அப்படியே நின்னுட்டேன்." அவளும் சிரிப்பாள்.

இந்தத் தடவை அவர் வந்தாக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பத்திரிகை அனுப்புவதை அவள் வண்டி விடுவது போலவே யோசித்தாள். தூரத்து ஊர்களுக்கு முதலில், பக்கத்துத் தெருக்களுக்குக் கடைசியில். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ரொம்ப முந்திக் கொடுத்தால் அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். பிந்திக் கொடுத்தால், "சும்மா பேருக்குக் கொடுத்தா" என்று பேசுவார்கள். இதை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, எங்கும் இடிக்காமல் ஒழுங்கு செய்து வைத்திருந்தாள்.

இடித்தது மண்டபத்தில். அதே நாளில் இன்னொரு குடும்பமும் கேட்டிருந்தது. காலையா மாலையா என்று முதலில் சொல்லும் உரிமை அவர்களுக்கு. அவர்களோ வாயைத் திறக்கவில்லை.

"அவங்க சொன்னாத்தான் நான் சொல்ல முடியும்மா. என்னைக் கோவிச்சு என்ன பிரயோஜனம்?" என்றார் மண்டபத்து மேனேஜர்.

நேரம் தெரியாமல் பத்திரிகை அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அச்சகத்துக்காரர் மாதிரிக்கு ஒன்றே ஒன்று அடித்துக் கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. "நேரம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் வெற்றிடம்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனிடமிருந்து போன் வந்தது. முகாமில் டவர் கிடைக்கும் இடம் ஒரு தண்ணீர்த்தொட்டியின் மேல்தளம். ஏறி நின்று பேசினால் காற்றுச் சத்தம்தான் முக்கால்வாசி கேட்கும்.

"பாப்பா, லீவு கேக்கணும்னா இப்பவே எழுதிக் கொடுக்கணுமாம். எனக்குப் பதிலா இன்னொரு சமையல்காரனை வேற ஊர்லருந்து கொண்டு வரணும்ல. அச்சடிச்ச பத்திரிகை ஒண்ணு கூட வைக்கணும்னு ஆபீஸ்ல பிடிவாதம் பிடிக்கிறாங்க. உடனே அனுப்பு."

"நேரம் முடிவாகலையே அண்ணே..."

அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜை மேல் அந்த ஒற்றைப் பத்திரிகை கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்த மகள் பையைக் கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்தாள்.

"இதையே அனுப்பிடும்மா. தேதி இருக்கு, இடம் இருக்கு, என் பேர் இருக்கு. மாமாவுக்கு வேற என்ன வேணும்?"

"நேரம் இல்லையேடி."

"அம்மா, இது பத்திரிகை. பஸ் இல்ல."

"ரெண்டுலயும் ஆள் வந்து நிக்கப் போறாங்கல்ல?"

"மண்டபத்துக்காரர் சொல்றவரைக்கும் காத்திருந்தா மாமா உன் பேரப்பிள்ளைக்குத்தான் தொட்டில் வாங்கிட்டு வருவாரு. பரவாயில்லையா?"

அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் நேரம் எழுதாத ஒன்றை அவள் வெளியே விட்டதில்லை. விடாமல் நிறுத்தி வைத்தே அப்பா செய்த தப்பைத் தானும் செய்துவிடுவோமோ என்று முதல் தடவையாகப் பயந்தாள். சரியாக இருக்க வேண்டும் என்பதும் வந்து சேர வேண்டும் என்பதும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தன, இன்று சாயங்காலம் வரை.

பத்திரிகையை உறையில் வைத்தாள். திரும்ப எடுத்தாள். அந்த வெற்றிடத்தை அப்படியே அனுப்பக் கை வரவில்லை. பேனாவை எடுத்து, பலகையில் எழுதும் அதே கொட்டை எழுத்தில், "பின்னர் அறிவிக்கப்படும்" என்று எழுதினாள். மகள் எட்டிப் பார்த்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். அன்றைக்கே கூரியர் கிளம்பிப் போனது. டைமம்மா மனசுக்குள் அண்ணன் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தாள்.

அந்த இன்னொரு குடும்பம் காலையை எடுத்துக்கொள்ள, மண்டபம் ஒருவழியாக இவர்களுக்கு மாலை என்று முடிவானது. மற்றப் பத்திரிகைகள் வந்தன, அவள் போட்ட ஒழுங்குப்படியே போயின. யாரும் குறை சொல்லவில்லை. அண்ணனிடமிருந்து மட்டும் ஒரே ஒரு குறுஞ்செய்தி: "லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். பாப்போம்." அதற்கப்புறம் சத்தமே இல்லை. இவள் அழைத்தபோதெல்லாம் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல். கணவர், "வர்றவர் வருவார், விடு" என்றார். அவள் விட்டுவிட்டது போலக் காட்டிக்கொண்டாள்.

கல்யாண நாள் விடியற்காலை அவள் மட்டும் மண்டபத்துக்குக் கிளம்பினாள். விளக்கு, நாற்காலி எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றாள். உண்மையில் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

காலை நிகழ்ச்சி பத்து மணிக்கு மேல்தான் என்பதால் மண்டபம் இன்னும் பூட்டியிருந்தது. வாசற்படியில் ஒருவர் பெட்டியை அணைத்தபடி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

"வந்துட்டீங்களா மேடம்?" என்றார். சட்டைப்பையிலிருந்து மடங்கிப்போன பத்திரிகையை எடுத்து நீட்டினார். "நேரம் பின்னர் அறிவிக்கப்படும்னு போட்டிருக்கீங்க. அறிவிப்பு எங்க?"

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் நேரம் அடித்து அனுப்பியவள், போய்விட்ட வண்டி என்று அண்ணனை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள்.

"ஐயோ அண்ணே! ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?"

"லீவே முந்தாநாள்தான் கையெழுத்தாச்சு பாப்பா. ஆபீஸ்காரன் இதைப் பாத்துட்டு, 'இது கல்யாணமா, பஸ்ஸா?'ன்னு கேட்டான். ரெண்டும்தான்னேன். அப்புறம் கிளம்பினவன்தான், வழி முழுக்க போன்ல சார்ஜ் இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு முந்தியே வந்து உக்காந்துட்டேன். ஒரு தடவை பிந்தினது போதாதா?"

அவள் படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவளுக்கு இடது பக்கம் காலியாக இல்லை. அவர் பெட்டியைத் தள்ளி வைத்தார். தெருவில் ஒருவர் தண்ணீர் தெளித்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்குன்னு இப்பவாவது சொல்லுவியா?"

"சாயங்காலம் ஆறு மணி."

அண்ணன் இன்னும் வெளுக்காத வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சரி விடு. அதுக்குள்ள ஒரு டீ குடிச்சிடலாம்."