உள்ளே எத்தனை பேர்?

மயிலாப்பூரில் விறகு விற்கிற தொட்டி ஒன்று பற்றி எரிந்த மத்தியானத்தில்தான் அதிகாரம் என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த அதிகாரமெல்லாம், நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் போடும் கத்தல்தான்.

தொட்டியை ஒட்டிய சந்தில் என் மாமனார் வீடு. பிள்ளை பெற்று எட்டு நாளான என் மனைவி பின்கட்டு அறையில் படுத்திருந்தாள். துணைக்கு அவளுடைய அக்கா. சேதி கேட்டு நான் ஓடி வந்தபோது சந்து முழுக்கப் புகை. வெளியே ஐம்பது பேர் நின்றார்கள். ஐம்பது பேரும் உத்தரவு போட்டார்கள். கூரை ஓட்டைப் பிரிக்கச் சொன்னார் ஒருவர், மணலை வாரி வீசச் சொன்னார் இன்னொருவர். குடத்துத் தண்ணீரெல்லாம் எங்கள் காலிலேயே கொட்டிப் போயிற்று. நானும் என் பங்குக்குத் தொண்டை கிழியக் கத்தினேன்.

மணியடித்துக்கொண்டு நெருப்பு வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கிய ஆபீசர் ஒல்லியான மனிதர். குழாயைத் தொடவில்லை, ஓடவும் இல்லை. சந்து முனையில், எல்லாம் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். நின்ற இடத்திலிருந்தே ஆட்களைப் பிரித்தார். பக்கத்துக் குளத்திலிருந்து தண்ணீர் இழுப்பது ஒருவன் பொறுப்பு. தொட்டிப் பக்கம் குழாயோடு சிலர். வீட்டுக்குள் போக இரண்டு பேர். இன்னொருவனைச் சந்து வாசலில் சும்மா நிறுத்தினார். போகிறவர்களையும் வருகிறவர்களையும் எண்ணுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலையே கிடையாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு எரிகிறது, இந்த மனிதர் வேடிக்கை பார்க்கிறாரே என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை.

"உள்ளே எத்தனை பேர்?" என்றார்.

"ரெண்டு பேர்."

கூட்டம் அங்கே அடி, இங்கே அடி என்று அலறியது. குழாய் பிடித்தவன் தலையைத் திருப்பவில்லை. அவன் காது ஆபீசரின் விசிலுக்கு மட்டும்தான். அடேயப்பா, அப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

உள்ளே போன இருவரும் ஆளுக்கு ஒருத்தியைத் தோளில் சுமந்து வந்தார்கள். இருவருக்கும் நினைவில்லை, மூச்சு இருந்தது. வாசலில் நின்றவன், "ரெண்டு, சரி" என்றான். கூரை உத்தரம் முறிய ஆரம்பித்திருந்தது. ஆபீசர் விசிலை வாயில் வைத்தார். அதை ஊதிவிட்டால் பிறகு ஒருவரும் உள்ளே போகக் கூடாது.

என் மனைவியைத் தரையில் கிடத்தினார்கள். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

"மூணு!" என்றேன். "குழந்தை இருக்கு."

விசில் வாயிலிருந்து இறங்கியது. முதலில் ஏன் இரண்டு என்றேன் என்று அவர் கேட்கவில்லை. வாசல்காரனிடம் "மூணு" என்றார், அவ்வளவுதான். அந்த இருவரும் திரும்ப உள்ளே ஓடினார்கள். அவர் கையை ஒரு வீச்சு வீசினார். தொட்டிப் பக்கமிருந்த தண்ணீரெல்லாம் எங்கள் வீட்டுக் கூரைக்குத் திரும்பியது. விறகெல்லாம் போச்சே என்று தொட்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆபீசரின் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. விசிலை மட்டும் உள்ளங்கைக்குள் இறுக மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அந்த இருவரில் ஒருவன் கையில், நனைந்த கோணிக்குள் குழந்தை வந்தது. இருமியது, பிறகு வீறிட்டது. விசில் ஒலித்தது. எல்லோரும் விலகினார்கள், கூரை இறங்கியது.

சாயங்காலம் வாசல்காரன் ஒரு காகிதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அக்காவும் தெளிந்திருந்தாள்; என் மனைவி கண் திறந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொயந்த பேரு இன்னா சார்? எய்தணும்."

பதினோராம் நாள்தான் பேர் வைப்போம், இன்னும் வைக்கவில்லை என்றேன். தினமும் வகுப்பில் பேர் கூப்பிட்டுத்தான் ஆள் எண்ணிப் பழகியவன் நான்.

அவன் என்னையே பார்த்தான். "அதான் எண்ணாம வுட்டுட்டியா சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. நான் அவன் முன்னாலேயே அழுதேன்.