செண்பகம் கட்டிய காப்பு

செண்பகம் வானூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கும் வேலைக்குப் போனவள். கணவன் காசநோயில் இறந்தான். வழக்கமான மாத்திரைக்கு அடங்காத அதே நோய் அவளுக்கும் வந்தபோது, மகள் கலைப்பிரியாவைத் திண்டிவனத்தில் தங்கை இளவரசி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பிள்ளை திரும்பி வந்து தன் பக்கத்தில் படுக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அப்போது இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து ஒரு புதுச் சிகிச்சையைச் சோதித்துக்கொண்டிருந்தன. ஊசி கிடையாது, மாத்திரை மட்டும், காலமும் குறைவு. செண்பகம் அதில் சேர்ந்தாள். வீட்டுக்குப் போய் மாத்திரையை விழுங்க வைப்பது என் வேலை. வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

"என்னா நர்சம்மா, சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரி பாக்குறீங்க. வெல பேசப் போறீங்களா?"

"உன்ன யாரு வாங்குவா? மூடு வாய."

ஒருமுறை பிரேசிலிலிருந்து ரொசானா என்ற நர்ஸ் எங்கள் வேலையைப் பார்க்க வந்தாள். செண்பகம் அவித்த மல்லாட்டையை முந்தானையில் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கள் ஊரிலும் இது விளைகிறது என்று ரொசானா சொன்னதை எங்கள் டாக்டர் தமிழில் சொன்னார்.

"அங்கயும் பொம்பளைக்குக் கூலி கம்மிதானான்னு கேளுங்க சார்."

கம்மிதானாம். இருவரும் தோலை உரித்துக்கொண்டே சிரித்தார்கள்.

சளியில் கிருமி இல்லை என்று வந்தது. கலைப்பிரியா வீடு திரும்பினாள். மாத்திரை மட்டும் இன்னும் சில வாரம் பாக்கி.

அந்தச் சமயத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதிக்குக் கொடி ஏறியது. நான் போனபோது செண்பகத்தின் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது.

"புள்ள ஊடு வந்து சேந்தா நெருப்புல எறங்குறேன்னு வேண்டிக்கினேன். வந்துட்டா இல்ல?"

காப்புக் கட்டினவர்கள் ஒருவேளைதான் சாப்பிடுவார்கள்; தீமிதி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்கள். அவளுடைய மாத்திரையோ வயிறு நிறையச் சாப்பிட்டுப் போட வேண்டியது. சிலருக்கு இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். அதற்காகத்தான் விழுப்புரத்துக்கு அழைத்துப்போய் அவ்வப்போது ஈசிஜி எடுத்தோம். வாந்தி, பேதி ஆகி உடம்பில் உப்புச்சத்து இறங்கினால் ஆபத்து அதிகம். காப்போடு ஊரைத் தாண்டி வரமாட்டேன் என்றாள் செண்பகம்; அடுத்த ஈசிஜி பார்க்காமல் மாத்திரை இல்லை என்று டாக்டர் நிறுத்திவிட்டார். ஆனால் அது நிறுத்தின பிறகும் வெகுநாள் உடம்பில் தங்கும் மருந்து. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"ஆட்டோ கொண்டாந்திருக்கேன், ஏறு. அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"நீங்க வேதக்காரங்க. உங்க பேச்ச அம்மா கேக்குமா?"

"அப்போ ஏசுகிட்ட சொல்றேன். அவரு பேசட்டும்."

"அவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள தீமிதியே முடிஞ்சிடும். நெருப்புல எறங்கின மறுநாளு நானே வர்றேன், போங்க."

அந்த வெயிலில் அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டன. யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் காப்பை அவிழ்க்கச் சொல்வார்கள் என்று பயந்திருக்கிறாள். பிள்ளையையும் சொல்ல விடவில்லை. தீமிதிக்கு முந்தின நாள் காலையில் குழாயடியில் குடத்தைத் தூக்கியவள் அப்படியே விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

மூன்று நாட்டாரும் கணினியில் கூடிப் பேசும் கூட்டத்தில் டாக்டர் இதைச் சொன்னார். ரொசானா அழுதாள். தன் ஊரில் நோய் தீர்ந்தவர்கள் மாதா கோயிலுக்கு வெறுங்காலில் மைல் கணக்கில் நடப்பார்கள் என்றாள். அதன்பிறகு மூன்று நாட்டிலும், சிகிச்சை தொடங்கும்போதே என்ன வேண்டுதல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறோம். நல்ல கேள்விதான். செண்பகத்துக்கு உதவவில்லை.

கலைப்பிரியா மறுபடியும் திண்டிவனத்தில் இருக்கிறாள். அவளுக்கு நோய் தொற்றவில்லை என்று தெரிந்ததும் சொல்லிவிட்டு வரப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். இளவரசி சோறு போட்டுக் கூப்பிட்டாள், பிள்ளை அசையவில்லை.

"நர்சம்மா, அம்மா நெருப்புல எறங்காமலே பூட்டாங்க. வேண்டுதல முடிக்கலன்னுதான் நான் திரும்ப இங்க வந்துட்டனா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வா, சாப்பிடு."

"காலையிலயே துன்னுட்டேன். ஒருவேளதான்."

தட்டை வாங்கி நானே சோற்றைப் பிசைந்தேன். வாயைத் திற என்றேன். அவள் திறக்கவில்லை.