எசென் வேனின் சுடுநீர்க் குழாய்

அழவில்லை, அதனால் குற்றவாளி என்கிறார்கள். அப்படியானால் இந்தத் தெருவில் சத்தம் போட்டு அழுதவர்கள் எல்லாம் யோக்கியர்களா? துர்குன்பாய் என் தங்கை மகன். எங்கள் மலையூர் நரினில் இருபது வருஷமாக வண்டி பழுது பார்க்கிறவன். வேன் ஓட்டி எசென் செத்த அன்றிலிருந்து அவனுக்குள் எதுவோ உறைந்து கிடக்கிறது. கண்ணீர் எங்கிருந்து வரும்?

எஞ்சினுக்குள் காற்று போகிற வாயில் ஒரு தகடு உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும், காலை எடுத்தால் மூடும். அதில் பனி பிடிக்காமலிருக்க, அந்த வாயைச் சுற்றி எஞ்சினின் சுடுநீர் ஓடும். போன ஜூலையில் எசென் தன் வேனைக் கொண்டுவந்து, அந்தச் சுடுநீரை வேறு வழியாகத் திருப்பிவிடச் சொன்னான். நான் பட்டறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மேட்டுல மூச்சு வாங்குதுண்ணே. கீழ பிஷ்கெக்ல இதக் கழட்டிட்டா, உள்ள போற காத்து சூடாகாம வண்டி குதிரையா பறக்குதாம்."

அங்கே கழற்றலாம், நம் குளிருக்கு ஆகாது என்று துர்குன்பாய் மறுத்தான். எசென் மூன்று நாள் விடவில்லை. கடைசியில் இவன் இறங்கி வந்து, இரண்டு குழாயையும் ஒரு பித்தளைத் துண்டால் நேராக இணைத்தான்.

"முதல் பனிக்கு முன்னாடி கொண்டு வா, திரும்ப மாட்டிடறேன். நீ மறந்துட்டா தகடு பனியில ஒட்டிக்கும், வண்டி நிக்காது."

"என் பொண்டாட்டியும் என்னைப் பத்தி அதத்தான் சொல்றா, நிக்கவே மாட்டேன்னு."

சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அக்டோபரில் இவன் இரண்டு தடவை அவன் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றான் எசென். நவம்பரில் டொலோன் கணவாயில் ஈரமூடுபனி. காலை எடுத்த பிறகும் எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது என்று, கை முறிந்து தப்பிய பயணி சொன்னான். வளைவில் வேன் நிற்கவில்லை.

அடக்கத்துக்கு முன் வழக்கம்போல இமாம் கூட்டத்தைக் கேட்டார், இறந்தவன் எப்படிப்பட்டவன் என்று. எல்லாரும் நல்லவன் என்றார்கள். முன்வரிசையில் நின்று துர்குன்பாயும் சொன்னான்.

பிறகு போலீஸ் பித்தளைத் துண்டைக் காட்டிக் கேட்டபோது, நான்தான் போட்டேன் என்று மட்டும் சொன்னான். எச்சரித்ததைச் சொல்லவில்லை. சொல்லித் தொலையேன்டா என்று நான் அவனைப் போட்டு உலுக்கினேன்.

"நல்லவன்னு வாயால சொல்லிட்டேன் பெரியம்மா. அவன மண்ணுக்குள்ள வச்சப்புறம் அத மாத்திச் சொல்ல முடியாது. அதோட, மாட்டினது என் கைதானே."

அவன் சொல்லாததை நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சொந்தக்காரி பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். அதன்பிறகு பட்டறைக்கு ஒரு வண்டிகூட வரவில்லை. தினமும் போய்த் திறந்தான், அடுப்பு மூட்டினான், உட்கார்ந்திருந்தான்.

பிப்ரவரியில் ஒரு காலை, ரஷ்யாவுக்குப் போகிறேன் என்று பையோடு வந்து நின்றான். நான் ரொட்டியை நீட்டினேன். கிளம்புகிறவன் ஒரு கடி கடித்துவிட்டுப் போனால், மிச்சத்தைத் தின்ன அவன் திரும்பி வந்தாக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கையில் வாங்கினான். ரொம்ப நேரம் அதையே பார்த்தான். பிறகு முழுசாகவே மேசைத் துணிமேல் திரும்ப வைத்தான்.

"பசியில்ல பெரியம்மா."

குளிர் உள்ளே வராமல் கதவை நன்றாக அழுத்திச் சாத்திவிட்டுப் போனான்.