பன்னீர்ச் செம்பில் கிணற்றுத் தண்ணீர்

ஷகிலாவுக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. வகுப்பில் வரும், பஸ்ஸில் வரும். ஒரு தடவை சேலம் கோர்ட்டைச் சுற்றிப் பார்க்கப் போனபோது நீதிபதி பலமாகத் தும்மினார். அதற்கு இவள் சிரித்த சிரிப்பில் எங்கள் வகுப்பு முழுவதையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். தருமபுரியில் அத்தரும் பன்னீரும் சுருமாவும் விற்கும் உசேன் பாயின் ஒரே மகள் அவள். சட்டம் படிக்கத் தினமும் சேலத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். அதே பஸ்ஸில் நான் அதியமான்கோட்டையில் ஏறுவேன். என் பெயர் செபாஸ்டின். அவள் ஏறிய பஸ்ஸில் டீசல் நாற்றம் இருக்காது, ஜவ்வாது வாசம்தான் இருக்கும். கண்டக்டர் அதற்காகவே அவளுக்கு ஜன்னல் சீட் பிடித்து வைப்பார். எனக்கு ஒரு நாளும் பிடித்து வைத்ததில்லை.

எண்பத்தெட்டாம் வருடம், நாங்கள் கடைசி ஆண்டு, பரீட்சை முடியும் நேரம். கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மெட்ராசில் சட்ட மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் சட்டப் பயிலரங்கு. ஊரில் நடக்கும் ஒரு விவகாரத்தை ஆதாரத்தோடு கொண்டுவர வேண்டும். பயிலரங்கின் கடைசி நாளில் வக்கீல் சௌந்தரவல்லி அம்மாள் ஒரே ஒருவரைத் தன் ஆபீசுக்கு ஜூனியராகத் தேர்ந்தெடுப்பார். சம்பளம் உண்டு. அந்தக் காலத்தில் ஜூனியருக்குச் சம்பளம் என்பது பூனை பால் சட்டிக்குக் காவல் இருந்த மாதிரி, யாரும் கேள்விப்படாத விஷயம்.

எங்கள் பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "வயிறு நிறையணும்னா கிரிமினல், வூடு கட்டணும்னா சிவில். இதை எடுத்தா நல்ல காத்து வாங்கலாம்" என்றார். போபாலுக்குப் பிறகு புதுச் சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியும் அதைப் பாடமாக நடத்த ஆள் இல்லை. உசேன் பாய் அவரையும் மிஞ்சினார்.

"சாக்கடைக்கு வக்கீலாம்மா? சாக்கடை பீஸ் குடுக்குமா?"

"அங்க சம்பளம் குடுப்பாங்கப்பா."

"குடுத்தா போ. நான் குறுக்க நிக்கலை. குடுக்கலைன்னா இங்கயே பத்திரம் எழுதற வக்கீல் கிட்ட உக்காந்துக்கணும். சரியா?"

சரி என்றாள். பத்திர வக்கீலின் அறையை நானும் பார்த்திருக்கிறேன். ஜன்னலே கிடையாது. வருடம் முழுக்க "மேற்படி சொத்தின் நான்கெல்லை" என்று எழுதிக்கொண்டிருந்தால் ஷகிலாவின் சிரிப்பு ஆறே மாதத்தில் நின்றுவிடும். அவளுக்கு அந்த மெட்ராஸ் வேலை கிடைத்தே தீர வேண்டும். எனக்கும் அதே வேலை வேண்டும் என்பது வேறு விஷயம்.

அவள் எடுத்த விவகாரம் மொரப்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. அங்கே காளியப்பன் என்பவர் சேகோ ஆலை நடத்தினார். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து ஜவ்வரிசி செய்த பிறகு மிஞ்சும் புளித்த தண்ணீர், ஆலைக்குப் பின்னால் ஒரு குழியில் தேங்கும். குழியை ஒட்டி முனியம்மாளின் கிணறு. மீதியை நான் சொல்ல வேண்டாம், மூக்கே சொல்லும்.

தண்ணீர் எடுக்க நானும் கூடப் போனேன். ஷகிலா கடையிலிருந்து காலிப் பன்னீர் பாட்டில்கள் மூன்றைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். முனியம்மாள் வாளியில் இறைத்து ஊற்ற ஊற்ற என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஷகிலாவுக்கு அரக்கு உருக்குவதிலேயே கவனம். சட்டப்படி ஆதாரம் என்றால் முத்திரை வேண்டாமா? மூன்று பாட்டிலின் வாயையும் சிவப்பு அரக்கால் அடைத்து, அவள் அப்பாவின் கடை முத்திரையையே குத்தி, ராஜாங்கத்துச் சொத்து போல ஆக்கிவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா திட்டுவார் என்று கடையின் பின்கட்டில், மேல் அலமாரியில் வைத்தாள்.

மெட்ராஸ் ரயில் ஞாயிறு மாலை. அதே ஞாயிறு காலையில் அவளுடைய சாச்சா, உசேன் பாயின் தம்பி நூர் பாஷாவின் மகளுக்கு நிக்காஹ். நூர் பாஷா சாக்கு வியாபாரி, தங்கமான மனிதர். ஆனால் அண்ணன் முதல் தரச் சரக்கை ஒளித்து வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்கு இரண்டாம் தரம் கொடுக்கிறார் என்ற சந்தேகம் மட்டும் அவருக்கு வெகுநாளாக உண்டு. கல்யாணக் காலையில் பன்னீர் எடுக்க அவரே கடைக்குப் போனார். கீழ்த்தட்டில் அவருக்கென்று எடுத்து வைத்த பாட்டில்கள் இருந்தன. மேல் அலமாரியில் சிவப்பு அரக்கு முத்திரையோடு மூன்று இருந்தன. அவருக்கு எது கண்ணில் பட்டிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். மண்டபத்தில் முத்திரையை உடைத்து வெள்ளிப் பன்னீர்ச் செம்பில் ஊற்றும்போதாவது தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாளாக அவருக்கு மூக்கடைப்பு.

ஆண்கள் வாசலில் நின்று, வருகிறவர்கள் மேல் எல்லாம் சிரித்த முகத்தோடு தெளித்தார். அவருக்குத்தான் அண்ணனை ஜெயித்துவிட்ட சந்தோஷம் ஆயிற்றே, தாராளமாகவே தெளித்தார். ஷகிலா கூப்பிட்டு வந்திருந்த என் மேலும் விழுந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு நான் அப்படி நனைந்ததில்லை. வாசம் ஏற ஒரு நிமிடம் பிடித்தது. முதலில் ஆளுக்கு ஆள் முறைத்துக்கொண்டோம். அடுத்தவர் கால் எதையோ மிதித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு பெரியவர் தன் செருப்பைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளைப் பட்டுச் சட்டையில் வந்து இறங்கினார் சேகோ ஆலை காளியப்பன். நூர் பாஷாவிடம் சாக்கு வாங்குகிறவர். பெரிய வாடிக்கை என்பதால் அவருக்கு மட்டும் செம்பை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார் நூர் பாஷா.

"என்னய்யா இது!" காளியப்பன் போட்ட சத்தத்தில் பிரியாணி கிளறுகிறவர்கள் ஓடி வந்தார்கள். "செத்த எலியை ஊறப்போட்ட தண்ணியா? கழுத்தெல்லாம் அரிக்குது பாருங்க! சட்டை போச்சு!"

நூர் பாஷா நடுங்கிப்போனார். "பஸ்ட் குவாலிட்டிங்க, சத்தியமா!"

"இதா? இதை மாடு கூடக் குடிக்காதுய்யா! மனுசன் குடிச்சா மறுநாள் எடுத்துட்டுப் போக வேண்டியதுதான்!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஷகிலா ஓடி வந்தாள். உடைந்த அரக்கையும் காலி பாட்டில்களையும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போனது. மாலை ரயிலுக்கு அவள் கையில் இருந்த ஒரே ஆதாரம் முந்நூறு பேரின் சட்டையில் காய்ந்துகொண்டிருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ காளியப்பனிடம் போய் மிகப் பணிவாகக் கேட்டாள்.

"நிஜமாவே மாடு கூடக் குடிக்காதுங்களாய்யா?"

"குடிக்காதும்மா! எந்தக் குட்டையில மொண்டாங்க இதை?"

"உங்க ஆலைக்குப் பின்னாடிங்க. முனியம்மாள் கிணத்துல."

காளியப்பன் தன் காலரைத் தூக்கி மெதுவாக முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார்.

"அப்படி ஒண்ணும்... நாத்தம்னு சொல்ல முடியாதுங்க" என்றார். "லேசா ஒரு புளிப்பு வாசம். உடம்புக்கு நல்லதுதான்."

ஷகிலாவுக்கு வந்தது பாருங்கள் சிரிப்பு! அது பந்தி பந்தியாகப் பரவி மாப்பிள்ளை வரைக்கும் போனது. காளியப்பனால் கோபித்துக்கொண்டு கிளம்பவும் முடியவில்லை, கிளம்பினால் நாற்றத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும். அதே சட்டையோடு பந்தியில் உட்கார்ந்து, "சுகமா இருக்குதுங்க, சுகமா இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே பிரியாணி சாப்பிட்டார். அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இலைகளில் ஆளே உட்காரவில்லை.

ஷகிலா சும்மா இருக்கவில்லை. மீந்துபோன கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அவரவர் முகர்ந்ததையும் கேட்டதையும் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். மாப்பிள்ளைதான் முதல் கையெழுத்து, நிக்காஹ் பதிவேட்டில் போட்ட சூடு ஆறுவதற்குள் இதிலும் போட்டார். கடைசியாக உசேன் பாய் மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேனாவை வாங்கினார். "முப்பது வருசமாக வாசனை வியாபாரம் செய்கிறேன், என் மூக்கு பொய் சொல்லாது, இது அழுகல்" என்று எழுதிக் கடை முத்திரையும் குத்தினார். நூர் பாஷா மட்டும் எழுத மறுத்துவிட்டார், அவருக்கு இன்னும் மூக்கடைப்பு விடவில்லை.

"வழியில இறங்கி மறுபடியும் தண்ணி புடிச்சுக்கலாமா?" என்று ரயில் ஏற மொரப்பூர் போகும்போது கேட்டேன்.

"எதுக்குங்க செபாஸ்டின்? தண்ணி பேசுமா? என் ஆளுங்க பேசுவாங்க" என்று பத்திரிகைக் கட்டைத் தட்டினாள். ரயிலில் அவள் தூங்கவும் இல்லை, பெட்டியில் யாரையும் தூங்கவிடவும் இல்லை. காளியப்பன் காலரை முகர்ந்ததை அரக்கோணம் வரை நடித்துக் காட்டினாள்.

மெட்ராசில் இரண்டு நாள் பாடம், வாய் திறக்க நேரமில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் ஆதாரத்தை மேஜை மேல் வைத்தோம். எங்கே பார்த்தாலும் பாட்டில்: பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று சர்பத் கடை தோற்றது. நான் எங்கள் ஊர் லாரிப் பட்டறைக் குட்டையிலிருந்து எண்ணெய்த் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். சௌந்தரவல்லி அம்மாள் ஒல்லியான பெண்மணி, கனத்த கண்ணாடி. வரிசையாக வந்தார்.

"மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி எடுத்தாரா? ஆலைக்காரருக்குத் தெரிவிச்சு, அவர் எதிர்ல சீல் வெச்சாரா? இல்லையா? அப்ப கோர்ட்டுக்கு இது வெறும் தண்ணி" என்று ஒவ்வொரு பாட்டிலையும் நகர்த்திக்கொண்டே வந்தார். என்னுடையதையும் நகர்த்தினார். ஷகிலாவின் இடத்தில் கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்ததும், "யாருக்கும்மா கல்யாணம்?" என்றார்.

ஷகிலா சொன்னாள். காலர் இடம் வந்ததும் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. வேலை அவளுக்குத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வயிற்றெரிச்சலாக இருந்தது, ஆனால் நானும் கைதட்டினேன்.

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மாப்பிள்ளை, அத்தர் கடைக்காரர், சமையல்காரர், பேண்டு வாத்தியக்காரர்... எல்லாரும் ஒரு தடவை முகர்ந்தவங்க. தினமும் அதைக் குடிக்கற அந்தம்மா சொன்னது எங்க?"

அன்று கிணற்றடியில் முனியம்மாள் சொன்னதில் ஒரு சொல்லாவது ஞாபகம் வருகிறதா என்று ஷகிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் வரவில்லை.

"எழுதலைங்க" என்றாள். "அவங்க சொன்னாங்க. நான் கேக்கலைங்க."

முதல் தடவையாக அவள் சிரிக்காமல் பேசிக் கேட்டேன். தோற்றுவிட்டோம் என்று அவள் பத்திரிகைகளை அடுக்கத் தொடங்கினாள். அம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கேக்கலைன்னு உண்மையைச் சொன்னீங்களே, அது போதும். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வந்துடுங்க. வரும்போது அந்தம்மா வார்த்தையோட வாங்க."

திரும்பும் ரயிலில் பழைய ஷகிலா வந்துவிட்டாள். டிக்கெட் பரிசோதகரிடம் "எனக்கு வேலை கிடைச்சிருக்குதுங்க" என்றாள். முறுக்கு விற்றவரிடமும் சொன்னாள். மொரப்பூரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை, நேரே கிணற்றடிக்குப் போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

முனியம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஷகிலா மூச்சு வாங்க, "நீங்க சொல்றதை எழுதிக்கணும்னு வந்தேங்க. அன்னிக்குச் சொன்னீங்களே, அதை மறுபடியும் சொல்றீங்களா?" என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நிஜமாவே எழுதிக்கப் போறியா?"

"ஆமாங்க."

"அப்ப கீழ உக்காரு கண்ணு" என்றார். "ரொம்ப நேரம் ஆகும்."