இன்ஜினீயரும் இரண்டாவது வளையமும்

தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவருக்கு ‘இன்ஜினீயர்’ என்ற பட்டம் படித்து வந்ததல்ல, பிரித்து வந்தது. மிக்சி, மின்விசிறி, அழைப்பு மணி என்று வீட்டில் அவர் பிரிக்காத பொருளில்லை. திரும்ப மாட்டினால் நாலு திருகாணி மிஞ்சும். “செஞ்சவன் தாராளமா போட்டிருக்கான்” என்பார். அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்!

அவர் கைபட்டும் பிழைத்துக் கிடந்தது ஒரே ஒரு பொருள்தான்: இருபத்தேழு வருஷத்துக் கார். கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் மனைவி அதற்கு ‘மூத்தாள்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

மூன்று மாதமாக மூத்தாள் வாசலெல்லாம் ஆயில் சொட்டினாள். போன வாரம் துணிக்கூடையோடு வந்த மனைவி அதில் வழுக்கி விழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே அண்ணனுக்கு போன் போட்டாள்.

“ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு கயிறோட வாண்ணே. பழைய இரும்புக்கடைக்கு இழுத்துட்டுப் போயிடு.” பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “அதுக்குள்ள ஒழுகல நிறுத்தினா இருக்கட்டும். அடியில பேப்பர் விரிப்பேன். ஒரு சொட்டு விழுந்தாலும் போயிடும்.”

அவள் சொன்னால் சொன்னதுதான்.

அடியில்தானே சொட்டுகிறது, அப்போது கோளாறும் அடியில்தான் என்று சனிக்கிழமை ஆயில் தொட்டியின் அடித்திருகைக் கழற்றி வாஷர் மாற்றினார். சொட்டியது. ஞாயிறு காலை இன்ஜினின் மேல்மூடியைத் திறந்து கேஸ்கட் மாற்றினார். அதற்கும் சொட்டியது. “ஆயிலே சரியில்ல” என்றார். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல்.

இரண்டரை மணிக்கு அவர் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது மனைவி வந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறவள். கையில் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி.

“நகருங்க.”

“இது பல்லு இல்லம்மா, இன்ஜின்.”

“எதுவா இருந்தா என்ன? மொதல்ல துடைக்கணும், அப்புறம் பாக்கணும். நீங்க பாக்காமலே பிடுங்குறீங்க.”

துணியால் இன்ஜினைத் துடைத்தாள். சிறிது நேரம் ஓடவிட்டு அணைக்கச் சொன்னாள். டார்ச் அடித்து, கண்ணாடியை இடுக்கில் நுழைத்தாள்.

“ஏங்க, இந்த ஆயில் ஃபில்ட்டருக்கு மேல ரெண்டு ரப்பர் வளையமா இருக்கும்?”

இன்ஜினீயருக்குக் காது சுட்டது. மூன்று மாதத்துக்கு முன்பு ஃபில்ட்டர் மாற்றியது அவரேதான். பழைய ஃபில்ட்டரின் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதைப் பார்க்காமல் அதன்மேலேயே புதியதை வைத்து முறுக்கியிருக்கிறார். சொந்தக் கையால் வைத்த சூனியம்!

ஃபில்ட்டரைக் கழற்றி, பழைய வளையத்தைப் பிய்த்தெடுத்துத் திரும்ப மாட்டினார்கள். ஆயில் ஊற்றிக் காரை ஓடவிட்டார்கள். நாலு மணிக்குக் கயிறோடு வந்த மைத்துனர் குனிந்து பார்த்தார். பேப்பரில் பொட்டு ஈரமில்லை.

“அட! யாரு கண்டுபிடிச்சது?”

“வேற யாரு, அவர்தாண்ணே” என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள்.

இன்ஜினீயர் நிமிர்ந்தார். “இதெல்லாம் அனுபவம் மச்சான். சத்தத்த வச்சே சொல்லிடுவேன்...” என்று ஆரம்பித்தவர், இரண்டே நிமிஷத்தில் தாமே அதை நம்பிவிட்டார்.

மனைவி தண்ணீர் கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினாள். அவள் மணிக்கட்டில், கண்ணாடி வளையல்களோடு வளையலாக, கறுப்பாக அந்த ரப்பர் வளையம்.

இன்ஜினீயரின் வாய் பாதியில் நின்றது.

“இல்ல மச்சான்” என்றார். “ஒழுகவிட்டது நான். நிறுத்தினது உங்க தங்கச்சி. விழுந்ததும் அவதான்.” அவள் பக்கம் திரும்பினார். “இடுப்பு இன்னும் வலிக்குதாம்மா?”

ஒரு வாரத்தில் அதை அவர் கேட்டது அப்போதுதான்.

“வலிக்குது” என்றாள். அவர் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்தாள். “ஏறுங்க. மூத்தாளும் நானும் உங்கள ஒரு சுத்து கூட்டிட்டுப் போறோம்.”