தலையணை வைத்த ஜன்னல்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஜெர்மனியில் நடந்தது இது. என் கணவர் ஹனோவரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நானும் எங்கள் ஐந்து வயது மகளும் மதுரையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்து ஒரு குளிர்காலம்தான் முடிந்திருந்தது. பாஷை வரவில்லை. "குட்டன் டாக்" என்று வணக்கம் சொல்வேன், விலை கேட்பேன், மன்னிப்புக் கேட்பேன். அதிகம் பயன்பட்டது மன்னிப்புதான். ஞாயிற்றுக்கிழமை சாமான் உருட்டினால் வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டுவார். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்தாலும் தட்டுவார். ஆகவே செருப்பைக் கழற்றியதும் கையோடு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று மகளை நன்றாகப் பழக்கியிருந்தேன்.

என் கணவருக்குப் பழைய கட்டடம் என்றால் உயிர். புதிதாக ஒரு கேமரா வேறு வாங்கியிருந்தார். கேட்கவா வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"இங்கிலாந்தை ஆண்ட ஜார்ஜ் ராஜாக்கள் எல்லாம் இந்தப் பக்கத்து ஆளுங்கதான், தெரியுமா? லண்டன்ல இருக்கிற ஜார்ஜ் காலத்து வீடுங்க மாதிரியே இங்க ஒரு சின்ன ஊர்ல ஸ்கொயர் முழுக்க இருக்காம். வா, டிரெயின்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

ராஜா எந்த ஊர்க்காரராக இருந்தால் எனக்கென்ன. எனக்கு அன்று துவைக்கிற வேலை கிடந்தது. ஆனாலும் போனோம்.

சதுக்கம் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் வீடுகள், வெள்ளைச் சட்டம் போட்ட நீள ஜன்னல்கள், ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் கல்படிகள். எந்த வீடு எது என்று அடையாளமே தெரியாது. கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மதிய நேரம் வேறு, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. புடவைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, கால் சில்லிட்டுப் போய், எப்போது ஸ்டேஷனுக்குத் திரும்புவோம் என்று நான் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

போதாததற்கு ஒரு அம்மாள். மூன்றாவது மாடி ஜன்னலில் தலையணை ஒன்றைப் போட்டு, அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, தேர் வருவதைப் பார்க்கிற மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். நான் நகர்ந்தால் அவர் தலையும் நகர்ந்தது. அந்த நாட்டில் என்னை உற்றுப் பார்க்காதவர்கள் குறைவு. பஸ்ஸில் என் பொட்டைப் பார்ப்பார்கள், கடையில் என் கூடையைப் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"என்னங்க, அந்தம்மா நம்மளையே மொறைச்சுப் பாக்குது. போயிடலாம்."

"பாத்தா பாத்துட்டுப் போகட்டும். அந்தப் படியில நில்லு, ஒரே ஒரு போட்டோ."

ஒரே ஒரு போட்டோ என்றால் என்ன என்பது அவருடன் குடித்தனம் நடத்திய எனக்குத்தான் தெரியும். இடது பக்கம் தள்ளி நில், வெயில் வரட்டும், கோட்டைக் கழற்று. மகளிடம் "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றினேன். போட்டோ எடுத்து முடித்துத் திரும்பினால் அவளைக் காணவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. ஒளிந்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நின்றிருந்த கார்களுக்குப் பின்னால் பார்த்தேன், மரத்துக்குப் பின்னால் பார்த்தேன். இல்லை. அப்புறம்தான் ஆறு நினைவுக்கு வந்தது. சதுக்கத்தின் கீழ்ப்பக்கத் தெரு நேராக ஆற்றில் போய் முடிந்தது. வரும் வழியில் அங்கே வாத்துகளைக் காட்டியிருந்தோம். என் கணவர் முகம் வெளிறிவிட்டது. கேமராவை என் கையில் திணித்துவிட்டு ஆற்றுப் பக்கம் ஓடினார்.

நான் மகள் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தேன். அந்த அமைதியில் என் குரல் நான்கு சுவரிலும் மோதி எனக்கே திரும்பி வந்தது. அத்தனை கதவும் மூடியிருந்தன. அத்தனையும் ஒரே மாதிரி. உடனே மேலேயிருந்து அந்த அம்மாளும் கத்தத் தொடங்கினார். கையைத் தட்டுகிறார், என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். மதியத் தூக்கத்தைக் கெடுக்கிறேன் என்று திட்டுகிறார் என்றே நினைத்தேன். எங்கள் வீட்டுக்கார அம்மாளும் இதே குரலில்தான் திட்டுவார். நான் அழுதுகொண்டே தமிழிலேயே, "சும்மா இரும்மா, என் பிள்ளையைக் காணோம்" என்று பதிலுக்குக் கத்திவிட்டு மறு மூலைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது ஜன்னலில் தலையணை மட்டும் இருந்தது. அந்த அம்மாள் சமையலறை ஏப்ரனோடும் வீட்டுச் செருப்போடும் தெருவுக்கே இறங்கி வந்திருந்தார். இடுப்பு வலியோ என்னவோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்து என் கையை இறுகப் பிடித்தார். போலீசைக் கூப்பிடப் போகிறார் என்று உதறினேன். விடவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. அவருக்கும் அது தெரிந்துவிட்டது.

பேச்சை நிறுத்தினார். உள்ளங்கையைத் தன் இடுப்பு உயரத்தில் வைத்துக் காட்டினார். பிறகு குனிந்து, நடுத்தெருவில், தன் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வீட்டைக் காட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கண்ட வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போக, அந்த ஊரில் என் மகளைத் தவிர யார் இருக்கிறார்கள்.

திறந்து கிடந்த அந்த வீட்டுக் கதவு, அவள் உள்ளே போனதும் தானாகச் சாத்திக்கொண்டிருக்க வேண்டும். வெளியேயிருந்து திருகினால் திறக்கிற கதவு இல்லை, சாவி வேண்டும். இருவரும் மாறி மாறித் தட்டினோம். உள்ளே சத்தமே இல்லை. அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு, வீட்டை ஒட்டிய சந்துக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனார். சந்தின் கடைசியில் ஒரு மரக்கதவு. மேலே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினார்.

வீட்டின் பின்கதவு திறந்து கிடந்தது; கொல்லைப்புறம் முழுவதும் தோண்டிப் போட்டிருந்தார்கள். குழாய் பதிக்கிற வேலை போலிருக்கிறது. நடுவில் ஆள் ஆழத்துக்கு ஒரு குறுகலான குழி, அடியில் மழைத் தண்ணீர். அதன் மேல் போட்டிருந்த ஒற்றைப் பலகையின் நடுவில் என் மகள் வெறும் சாக்ஸோடு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்த வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் என் வாயைப் பொத்திவிட்டார். அதுவரை அந்தச் சதுக்கத்தையே அதிரவைத்தவர், விரலை உதட்டில் வைத்தார். பிறகு வெறுங்காலோடு, சேற்றில், மெல்ல மெல்லச் சுற்றிப் போய்ப் பின்பக்கமாக மகளின் கோட்டுக் காலரைப் பற்றி ஒரே தூக்காகத் தூக்கி மண்மேட்டில் வைத்தார்.

"அம்மா, பூனை உள்ள இருக்கும்மா" என்றாள் மகள்.

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்க, ஏப்ரன் நுனியால் முதலில் என் மகளின் சாக்ஸையும் அப்புறம் என் முகத்தையும் துடைத்தார். ஆற்றங்கரை முழுக்கத் தேடிவிட்டு என் கணவர் வந்து சேர்ந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் அழுதுகொண்டிருந்தோம். அந்த அம்மாளின் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது நாங்கள் சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். இங்கே யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, அதுதான் நாகரிகம் என்கிறார்கள். பேரன் கீழே விளையாடப் போனால் என்னால் உள்ளே உட்கார முடியாமல் பால்கனிக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். அந்த அம்மாள் மட்டும் அன்று நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் பால்கனியில் போய் நின்று கீழே எட்டிப் பார்க்கிறேன்.